பாதிப் படியில் திரும்பியவர்கள்

ஆஸ்பத்திரியில் இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோக்காரருக்கு ஒரு கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. காலையில் அவருடைய அறைக்கு வரும் நோயாளிகளில் நிறையப் பேருக்கு நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடியிருந்தது. பிற்பகலில் அதே அறையில், அதே இயந்திரத்தில், அதே கையால் அவர் பார்த்த ஆட்களில் அநேகமாக யாருக்குமே அது இல்லை.

காலையில் வருகிறவர்கள் உடம்புக்கு முடியாமல் வருகிறவர்கள். அவர்களிடம் நோய் அதிகம் இருப்பதில் அதிசயம் இல்லை. பிற்பகலில் வருகிறவர்கள் நோயாளிகள் அல்ல. ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கும் தெருக்களில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு நுரையீரல் உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க இதய டாக்டரம்மா ஆசைப்பட்டார். அதற்காகக் குலுக்கல் முறையில் பெயர்களை எடுத்து, அழைத்து, படம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உலகம் முழுவதும் பார்த்தால் நூற்றில் ஒருவருக்கு இந்தத் தொல்லை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. நுரையீரல் ரத்தக்குழாய்களே சுருங்கிப்போகும் வகை மிக அபூர்வம், பத்து லட்சம் பேரில் சில பத்துப் பேருக்குத்தான் வரும். ஆனால் இடப்பக்க இதயம் விறைத்துப்போவதாலோ, நுரையீரல் கெடுவதாலோ வரும் வகைகள் வயது ஏற ஏறப் பெருகும். அறுபத்தைந்தைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவர் வரைக்கும் இருக்கலாம் என்றுகூடச் சொல்கிறார்கள். டாக்டரம்மா அவ்வளவு எதிர்பார்க்கவில்லை. நூறு பேருக்கு ஐந்தாறு பேராவது தேறுவார்கள் என்று நினைத்தார். ஒருவர் தேறுவதே பாடாக இருந்தது.

"நம்ம ஊர்க்காரங்க எல்லாம் கல்லு மாதிரி இருக்காங்கன்னு எழுதிடலாமா?" என்றார் டாக்டரம்மா.

"என் கையில ஏதாச்சும் தப்பு இருக்கும் டாக்டர்."

"உங்க கையிலயா? உங்க படங்களைத் திரும்ப நானும் பார்த்தேனே. கண்ணாடி மாதிரி இருக்கு."

எக்கோக்காரர் அதோடு விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, சட்டையைக் கழற்றி, தன் நெஞ்சிலேயே கோந்து போன்ற அந்த ஜெல்லைத் தடவி, கருவியை வைத்துப் பார்த்தார். இயந்திரம் ஒழுங்காகவே இருந்தது. தன் இதயத்தைத் தானே திரையில் பார்த்துக்கொண்டு இருட்டில் தனியாகப் படுத்திருப்பது அவருக்குப் புதிதல்ல. அது பாட்டுக்குத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அந்த இயந்திரம் வேலை செய்யும் விதத்தை யாராவது கேட்டால் அவருக்குப் பசி மறந்துவிடும். யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை. இதயத்தின் வலப்பக்கம் நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புகிறது. நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, மெத்தென்று இருக்கிறது, அதனால் வலப்பக்கத்துக்குப் பெரிய பலம் வேண்டாம். இடப்பக்கம் மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் என்றால், வலப்பக்கம் மீன்தொட்டியில் ஓடும் மோட்டார். மீன்தொட்டி மோட்டாரை மாடிக்குத் தண்ணீர் ஏற்றச் சொன்னால் அது முக்கும், வீங்கும், ஒருநாள் நின்றுபோகும். நுரையீரல் குழாய்களில் அழுத்தம் கூடுவது என்றால் அதுதான்.

உள்ளே ஊசி போகாமல் வெளியிலிருந்தே அந்த அழுத்தத்தை எப்படி அளப்பது? வலப்பக்கத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. கீழறை சுருங்கும்போது அந்தக் கதவு சாத்திக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது முழுக்கச் சாத்தாது, ஒரு கீற்று ரத்தம் பின்னால் பீய்ச்சும். ரப்பர் குழாயில் தண்ணீரின் வேகத்தைப் பார்த்தாலே பின்னால் எவ்வளவு அழுத்தம் என்று ஊகிக்கலாம் அல்லவா, அப்படி. வேகத்தை அளக்க ஓசையை அனுப்ப வேண்டும். எதிரே வரும் வண்டியின் ஹாரன் கீச்சென்று கேட்டு, நம்மைத் தாண்டியதும் தடித்துக் கேட்கிறதே, அதேபோல ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஓசையின் சுருதி மாறும். எவ்வளவு மாறியது என்பதிலிருந்து வேகம் தெரியும். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மேலறையின் அழுத்தத்தைக் கூட்டினால் முடிந்தது. இது ஊகம்தான், உறுதி செய்ய ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் நல்ல ஊகம்.

படம் தெளிவாக வர மூச்சு அடங்க வேண்டும். அதனால் அவர் நாள் முழுக்கச் சொல்வது இரண்டே வாக்கியம்: "மூச்சப் பிடிங்க. பேசாதீங்க." ஆஸ்பத்திரியில் அவருக்குப் பட்டப்பெயரே மூச்சப்பிடி. அவருடைய அறையில் படுத்தவர்கள் யாரும் பேசியதில்லை. படுத்தவர்கள் போன பிறகு பேச ஆளும் இல்லை.

வீட்டிலும் அப்படித்தான். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. மனைவி இறந்த பிறகு அவர் ஒரு நாற்காலியில்தான் உட்காருகிறார், மற்ற நாற்காலிகளில் துவைத்த துணி கிடக்கிறது. ரேடியோவை அணைப்பதில்லை, அதன் செய்தி அவருக்குத் தேவைப்படுவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் துணிகளை மடித்து எடுத்து ஒரு நாற்காலியைக் காலி செய்வார். அக்கா வருவாள்.

அக்கா தையல்காரி. தாய் இல்லாத வீட்டில் அவரை வளர்த்தவள். வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து, படியேறி, "டேய் தம்பி, கதவைத் திற, கையில சுமை" என்று கத்துவாள். சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு, அவர் சட்டைகளில் பட்டன் விட்டுப்போனவற்றைத் தேடிப் பிடித்துத் தைப்பாள். தைத்துக்கொண்டே திட்டுவாள்.

அந்த அக்கா இப்போது வருவதில்லை. கடைசியாக வந்தபோது ஒரு பெண் பார்த்திருப்பதாகச் சொன்னாள். நல்ல இடம், புருஷனை இழந்தவள், டீச்சர். "எனக்கு எதுக்கு இதெல்லாம்? உன் வேலையைப் பாருக்கா" என்று அவர் சொல்லிவிட்டார். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். அக்கா அன்றைக்குத் திட்டாமலே பட்டன் தைத்தாள். அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. அப்புறம் ஒருநாள் அவர் வேலையிலிருந்து திரும்பியபோது கீழ்வீட்டு அம்மா டப்பாவை நீட்டினார்.

"உங்க அக்கா குடுத்துட்டுப் போனாங்க."

"மேல வரலையா?"

"சாவிதான் உங்ககிட்ட இருக்கே, மேல போய் உக்காருங்கன்னு சொன்னேன். வேணாம், நேரமாச்சுன்னாங்க. இங்கதான் ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க."

கீழ்வீட்டில் உட்கார நேரம் இருக்கிறது, தம்பி வீட்டுக்கு ஏற நேரம் இல்லை. அந்த டப்பாச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. போன் செய்தார். முன்பெல்லாம் போனில் அக்கா பேசத் தொடங்கினால் அவர் காதை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது இரண்டு இரண்டு வார்த்தையாகத்தான் வந்தது.

"அக்கா, கோவமா?"

"கோவமா? எதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை வருவியா?"

"பார்க்கலாம். வேலை இருக்கு. வை."

கோபம் இல்லாதவள் இப்படிப் பேசுவாளா? அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆளையும் வாயால் கெடுத்துக்கொண்டோம் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். நேரே போய்ப் பார்க்கலாம்தான். போய், வாசலிலேயே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அதைப் பார்ப்பதைவிடப் போகாமல் இருப்பது மேல் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலியைக் காலி செய்வதையும் விட்டுவிட்டார்.

கணக்கெடுப்புக்கு ஆட்களை அழைத்து வரும் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் காலிங்பெல் என்று பெயர். தெருத் தெருவாகப் போய் எல்லா வீட்டு மணியையும் அடிப்பவள். வாய் ஓயாதவள். ஒரு பிற்பகல் வரவேண்டிய ஆள் வரவில்லை. எக்கோக்காரர் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலிங்பெல் எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், கடையில வியாபாரமே இல்லையா?"

"வர்றேன்னு சொன்னவர் எங்கம்மா?"

"வந்தாரே! பஸ் டிரைவர், ரிட்டயர்டு. அவரை நானே கேட்டுக்குள்ள விட்டுட்டுத்தான் வர்றேன். உங்களுக்குப் பயந்து ஓடிட்டாரோ என்னவோ. மூச்சைப் பிடின்னே சொல்லிட்டிருந்தா யார் வருவா?"

அவள் போய்விட்டாள். எக்கோக்காரர் எழுந்து வராந்தாவுக்கு வந்தார். அந்த அறை முதல் மாடியில் இருக்கிறது. பழைய கட்டடம், கூரை உயரம், அதனால் படிகள் அதிகம். ஒரே ஒரு லிஃப்ட், அதுவும் படுக்கையோடும் சக்கர நாற்காலியோடும் வரும் நோயாளிகளுக்கு. கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் நோயாளிகள் இல்லையே, அதனால் அவர்களுக்குப் படிக்கட்டு என்று வாசலில் அம்புக்குறி போட்டு ஒட்டியிருந்தார்கள். ஒட்டச் சொன்னது அவரேதான். லிஃப்டில் கூட்டம் சேரக் கூடாது என்ற நல்லெண்ணம்.

படி திரும்பும் இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, சவரம் செய்த முகம், வெளியே கிளம்புவதற்காக வாரிய தலை.

"டிரைவர் ஐயாவா? வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்."

"வந்துட்டேன் தம்பி. ஒரு நிமிஷம். போன் வந்துச்சு. அதான் உக்காந்தேன்."

கையில் போன் இல்லை. எக்கோக்காரர் படிகளில் இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முடியலையா?"

"அதெல்லாம் இல்ல. மலை ரோட்டுல. வளைவுக்கு வளைவு. பஸ் ஏத்தினவன் நான்." அவர் நிறுத்தி ஒருமுறை மூச்சு இழுத்துக்கொண்டார். "இப்ப வண்டி. ஏற மாட்டேங்குது. வயசு. அவ்வளவுதான்."

"வீட்டுல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"என்னன்னு சொல்றது? உக்காந்திருந்தா. ஒண்ணும் இல்ல. நடந்தாத்தான். அதனால நடக்கறதில்ல." கிழவர் சிரித்தார். சிரிப்புக்கும் மூச்சு வேண்டியிருந்தது. "திரும்பிப் போலாம்னு பார்த்தேன். எனக்கு முன்னாடி ஒரு அம்மா. இங்கதான் உக்காந்தாங்க. இறங்கிப் போயிட்டாங்க."

எக்கோக்காரர் அந்தப் பேச்சின் தாளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வார்த்தை, ஒரு நிறுத்தம். மூன்று வார்த்தை, ஒரு நிறுத்தம். இத்தனை வருஷமாக இந்த நோயைத் திரையில் பார்த்தவர் அவர். அதைக் காதால் கேட்டதே இல்லை. வந்தவர்களை எல்லாம் பேசாதீங்க என்று சொல்லிப் படுக்க வைத்தவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? ஆனால் இந்தத் தாளம் அவருக்குத் தெரியும். போனில் கேட்டிருக்கிறார். பார்க்கலாம். வேலை இருக்கு. வை.

படிச்சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சக்கர நாற்காலி கொண்டுவரச் சொல்லி, டிரைவரைக் கீழே இறக்கி, லிஃப்டில் ஏற்றி, அறையில் படுக்க வைத்தார். கருவியை வைத்ததும் திரையில் வலப்பக்கம் பலூன்போல உப்பியிருந்தது. பின்னால் பீய்ச்சும் கீற்று சாட்டை மாதிரி வந்தது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். எக்கோக்காரர் படிக்கட்டில் நடந்ததைச் சொன்னார். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அங்கிருந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மூச்சு வாங்குற வியாதியை எண்ணப் போயிட்டு, மூச்சு வாங்காம மாடி ஏறி வர்றவங்களா பார்த்து எண்ணியிருக்கோம்."

"அம்புக்குறி ஒட்டச் சொன்னது நான்தான் டாக்டர்."

"இந்த ரூமைத் தேர்ந்தெடுத்தது நான்தானே. காலையில வர்றவங்க லிஃப்டுல வர்றாங்க, வியாதி இருக்கு. மத்தியானம் வர்றவங்க படியில வர்றாங்க, வியாதி இல்ல. இவ்வளவுதான் விஷயம். கண்ணு முன்னாடி இருந்திருக்கு." பிறகு காலிங்பெல்லைக் கூப்பிட்டார். "வர்றேன்னு சொல்லிட்டு வராதவங்க எத்தனை பேரும்மா?"

"ஐயோ, நிறைய டாக்டர். பாதிப் பேருக்கு மேல சாக்கு. முழங்கால் வலி, பேரன் வர்றான், வேலை இருக்கு. ஒருத்தர் பஞ்சாங்கம் பார்த்த மாதிரி ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம்னு சொல்றார்."

"அவங்கள விட்டுட்டு வேற பேரைப் போட்டோமா?"

"நீங்கதானே டாக்டர் சொன்னீங்க."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வராதவர்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வரக்கூடியவர்களைப் போட்டிருக்கிறார்கள். சல்லடையில் தங்கியதை எறிந்துவிட்டு, விழுந்ததை மட்டும் எடை போட்டதுபோல.

"டாக்டர், சின்ன மிஷினை ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றார் எக்கோக்காரர். "எங்க அக்காவைப் பார்க்கணும்."

டாக்டரம்மா எதற்கு என்று கேட்கவில்லை. சார்ஜரையும் சேர்த்து எடுத்துப் போகச் சொன்னார்.

சின்ன இயந்திரம் ஒரு கைப்பெட்டி அளவு. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் அக்கா வீட்டு வாசலில் நின்றபோது, முன்னறையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. காலால் மிதிக்கும் தடதட சத்தம் இல்லை. மோட்டாரின் ரீங்காரம். உள்ளே பார்த்தார். மிதிபலகையில் துணி மூட்டை கிடந்தது.

"எப்பலேர்ந்து மோட்டார்?"

அக்கா தலையைத் தூக்கினாள். முகம் திரும்பவில்லை. மலர்ந்தது. அந்த ஒரு கணத்துக்காக அவர் எத்தனை ஞாயிறுகளைத் தனியாக உட்கார்ந்து கழித்திருந்தார்!

"வாடா. வழி தெரிஞ்சுதா? மோட்டார். ரொம்ப நாளாச்சு. கால் ஓயுது."

"காலா, மூச்சா?"

அக்கா ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"நீ என் மேல கோவமா இருக்கேன்னு நினைச்சேன்கா. அந்த டீச்சர் விஷயத்துல."

"எந்த டீச்சர்?" அக்காவுக்கு நிஜமாகவே நினைவு வர நேரம் பிடித்தது. "அடப் பைத்தியக்காரா. அந்தப் பொண்ணு. எப்பவோ கல்யாணமாயி. போயிட்டா. அதுக்கா நீ. இத்தனை நாள் வரல?"

"நீ ஏன் வரல?"

"உன் வீடு. ஆகாசத்துல இருக்கு." அவள் நிறுத்தினாள். "ரெண்டு தடவை வந்தேன். முதல் மாடி வரைக்கும். கண்ணு இருட்டிச்சு. இறங்கிட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா என்ன செய்வே? இருட்டு ரூம்ல படுக்க வச்சு. கோந்து தடவுவே. அதான்."

"அதைத்தான் செய்யப் போறேன். படு."

அக்கா முனகிக்கொண்டே வெட்டுத்துணிகளை ஒதுக்கிவிட்டு இடப்பக்கம் சாய்ந்து படுத்தாள். அவர் ஜன்னலைச் சாத்தினார். கருவியை வைத்தார். பழக்கத்தில் வாய்வரை வந்த வாக்கியத்தில் பாதியைத்தான் சொன்னார்.

"மூச்சப் பிடி. இப்ப விடு. விட்டுட்டுப் பேசு."

"என்ன பேசுறது?"

"எதையாச்சும். திட்டு."

அக்கா திட்டினாள். இரண்டு இரண்டு வார்த்தையாக, அவருடைய காலரையும் சமையலையும் தாடியையும் திட்டினாள். அவர் கீற்றின் வேகத்தை அளந்தார். நொடிக்கு மூன்றரை மீட்டர். மூன்றரையை மூன்றரையால் பெருக்கி, நாலால் பெருக்கினால் நாற்பத்தொன்பது. மேலறையின் அழுத்தத்தை அதற்கு மேல் கூட்ட வேண்டும். மனக்கணக்கு முடிந்ததும் கருவியை எடுத்துத் துடைத்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். அதே எண்தான்.

"என்னடா, பேச்சைக் காணோம்? மோசமா?"

"இருக்குக்கா. ஆனா கண்டுபிடிச்சாச்சு."

"அப்ப ஏன் மூக்கை உறிஞ்சறே?"

"ஜெல் நெடி."

மறுநாள் டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார், லிஃப்டில் வரவழைத்து. குழாய் விட்டுப் பார்த்து உறுதி செய்தார்கள். பல வருஷமாகக் கவனிக்காமல் விட்ட சாதாரண ரத்தக் கொதிப்பு, இடப்பக்க இதயத்தை விறைக்க வைத்து, அதன் சுமை பின்னால் நுரையீரல் வரை தேங்கியிருந்தது. அழுத்தத்தைக் குறைக்கவும், தேங்கிய நீரை இறக்கவும் மாத்திரை தொடங்கினார்கள். முழுக்கச் சரியாகும் என்று யாரும் சொல்லவில்லை. சில வாரங்களில் அக்காவால் போனில் ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச முடிந்தது. அந்த வாக்கியம் அவரைப் பற்றிய ஒரு குறையாகவே இருந்தது. மூன்று மாடி மட்டும் இனி ஏற முடியாது என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அக்கா கணக்கெடுப்பில் இல்லை. அவள் வேறு தெரு, குலுக்கலில் வராத பெயர். அவளை அதில் சேர்த்தால் எண்ணிக்கை ஒன்று கூடும், ஆனால் அது பொய்க் கணக்கு. எக்கோக்காரர் சேர்க்கவில்லை. டிரைவரைச் சேர்த்தார், அவர் குலுக்கலில் வந்தவர். அவருக்கு முன்னால் படியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போன அம்மாவைக் காலிங்பெல் தேடிக் கண்டுபிடித்தாள். அவருக்கும் இருந்தது. பேரன் வருகிறான் என்று சாக்குச் சொன்னவருக்கு இல்லை, நிஜமாகவே பேரன் வந்திருந்தான். இப்படி ஒவ்வொருவராகப் பார்த்து முடித்தபோது நூற்றுக்கு ஆறு பேருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கணக்கு இடிக்கவில்லை.

இப்போது வழக்கம் இதுதான்: அம்புக்குறியைக் கிழித்தாயிற்று, கணக்கெடுப்பு இயந்திரம் கீழ்த்தளத்தில் வாசலுக்குப் பக்கத்து அறையில் இருக்கிறது. அங்கேயும் வராதவரின் பெயரை நீக்குவதில்லை, சின்ன இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், முதலில் பேச வைத்துவிட்டு அப்புறம் அளக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு டப்பாவையும் பட்டன் விட்டுப்போன சட்டையையும் எடுத்துக்கொண்டு, அக்கா வீட்டுக்கு எக்கோக்காரர் போகிறார்.